பதினேழு வெள்ளைத் துண்டுகள்

அத்தியாயம் 7

"சொந்தத் தங்கச்சியைக் கையும் களவுமா பிடிச்சுக் குடுங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றான் கம்பவுண்டர். "மத்த அக்காமாருங்க இதையெல்லாம் வீட்லயே கத்தித் தீர்த்துக்குவாங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் அவர் இல்லை. மணி ஒன்றரை. நாலு மணிக்கு மூன்று பேர் அடங்கிய குழு வந்து, அவருடைய ஆறு வருஷ உழைப்பை வைத்துக்கொள்ளலாமா, குப்பையில் போடலாமா என்று முடிவு சொல்லப் போகிறது.

இந்த டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ரசாயனம் படித்து வாங்கிய டாக்டர் பட்டம். கண்டுபிடித்திருப்பது சுண்டுவிரல் அகலத்தில் ஒரு பேப்பர் துண்டு.

"தம்பி, கொஞ்சம் வாயை மூடு" என்றார் அவனோடு துப்பறிய வந்திருந்த அண்ணி. "நீங்க சொல்லுங்கம்மா. எனக்குப் புரியற மாதிரி."

டாக்டரம்மா ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பத்து நிமிஷம் ஆவதற்குள் துண்டு நீலமாகிவிட்டது. இன்னொரு துண்டை எடுத்தார். தண்ணீரில் துளியூண்டு பூச்சிமருந்து கலந்து விட்டார். அது போட்டது போட்டபடி வெள்ளையாகவே கிடந்தது.

"இதுல ஒரு என்சைம் இருக்கு. அது வேலை செஞ்சா நீலம் வரும். பூச்சிமருந்து பட்டா அது செத்துப்போகும், நிறம் வராது. நீலம்னா தைரியமா சாப்பிடலாம். வெள்ளைன்னா சரக்கை நிறுத்தணும்."

"ஆக, இது வெளுத்துச்சுன்னா வியாபாரி முகமும் வெளுக்கும்" என்றான் கம்பவுண்டர். யாரும் கண்டுகொள்ளவில்லை.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக மொத்தக் காய்கறி மார்க்கெட்டின் கேட்டில் இந்தத் துண்டுக்கு வெள்ளோட்டம் நடக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொரு சரக்கிலிருந்தும் கொஞ்சம் அரைத்துச் சாறு எடுப்பார்கள். பாதி கேட்டில் துண்டின் மேல் விழும். மீதிப் பாதி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, எண் ஒட்டி, இங்கே ஆய்வகத்துக்கு வரும். இங்கே ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. துண்டு வெள்ளை காட்டினால் சரக்கை நிறுத்தி வைப்பார்கள். மெஷின் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசித் தீர்ப்பு. இதுவரை பதினேழு சரக்குக்குத் துண்டு வெள்ளை காட்டியது. பதினேழுக்கும் மெஷின் 'சுத்தம்' என்று சொல்லிவிட்டது. சரக்கு வெளியே போனது. வியாபாரிகள் டாக்டரம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இன்று காலை பதினெட்டாவது வெள்ளை. பீன்ஸ், ஒரு லாரி நிறைய. கேட்டில் நிற்கிறது.

"இங்க தண்ணியில வெச்சா நீலம் வருது. கேட்டுக்குப் போனா வெள்ளை. நடுவுல யாரோ கை வைக்கிறாங்க. துண்டு செய்யறது என் தங்கச்சி. பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் கேட்டுல சோதிக்கறதும் அவதான்." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "பேட்டன்ட்ல அவ பேரைப் போடல. அதுலேர்ந்து என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசறதில்ல."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் தட்டில் நாலு காபியோடு வந்தார். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர். அந்தப் பெரிய மெஷினை ஓட்டுகிறவரும் அவரேதான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று கலர் பேனா, முகத்தில் நல்ல பிள்ளைக் களை.

"என் மெஷினுக்கு அரை நாள் ஆகும், இவ துண்டுக்குப் பத்தே நிமிஷம்" என்றார் சிரித்துக்கொண்டே. "நாலு பேர் முன்னாடி சொல்றேன், இவ மூளை எனக்கு வராது. எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமே கிடையாது, பெருமைதான்."

கம்பவுண்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தான். இந்த வசனத்தை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான். எங்கே என்று யோசித்தபோது, போன வாரம் அவனே சொன்னது என்று தெரிந்தது.

போன வாரம் பேப்பரில் அண்ணியின் படம் வந்தது. நகைக்கடை விவகாரத்தைக் கண்டுபிடித்ததற்காக. அவனுடைய அண்ணன் சம்சாரம் அவர். அவன் கூப்பிடுவதைக் கேட்டு இப்போது இன்ஸ்பெக்டர் வரைக்கும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். படம் எடுத்தபோது பக்கத்தில் இவனும் நின்றான், தலையைப் படிய வாரிக்கொண்டு. பேப்பரில் வந்தது அண்ணியும் இவனுடைய முழங்கையும். தெருவே படத்தைப் பார்த்தது. "எனக்கென்ன வருத்தம், பெருமைதான்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தான். ராத்திரி சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு இவருக்கு உதவியாக வந்து நாலு வருஷம் ஆகிறது. அலைச்சல் இவனுக்கு, பேர் அவருக்கு. வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே?

"தங்கச்சியைப் பார்க்கலாமா?" என்று அண்ணி எழுந்தார்.

தங்கை அடுத்த அறையில் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிரக்கூட இல்லை.

"அக்கா அனுப்பினாளா? நான்தான் கெடுக்கறேன்னு சொல்லியிருப்பாளே."

"உங்களுக்கு அவங்க மேல பொறாமையா?" அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"ஆமா." கத்தரிக்கோலை டக்கென்று வைத்தாள். "பொறாமைதான். பத்திக்கிட்டு எரியுது. இந்த என்சைம் பேப்பர்ல ஒட்டாம மூணு மாசம் உதிர்ந்துட்டே இருந்துச்சு. ஒட்ட வெச்சது நான். பேரு மட்டும் அவளுக்கு. அவ மேடை ஏறினா எனக்கு வயிறு எரியும். இதை அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன், அம்மாகிட்ட சொல்லியிருக்கேன், வாட்ச்மேன்கிட்டகூட சொல்லியிருக்கேன். போதுமா?"

"வாட்ச்மேன் என்ன சொன்னாரு?" என்றான் கம்பவுண்டர்.

"அவர் தம்பியைப் பத்தி ஒரு மணி நேரம் புலம்பினாரு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். காலையில் வருகிற வழியில் மார்க்கெட் கேட்டில் இறங்கிக் கேட்டு வாங்கியது. எந்த எண் எந்தக் கடைச் சரக்கு என்ற பட்டியல்.

"உங்க கைக்கு வர்ற சாறுல கடை பேரு இருக்குமா?"

"இருக்காது. வெறும் நம்பர்தான். யார் சரக்குன்னு தெரிஞ்சா தயவு தாட்சண்யம் பார்ப்போம்னு அப்படி ஒரு விதி."

"மூணு மாசத்துல எத்தனை சரக்கு பார்த்திருப்பீங்க?"

"நானூறுக்கு மேல. பதினேழு தவிர மத்ததெல்லாம் நீலம்."

"அந்தப் பதினேழும் யாருதுன்னு பாருங்க." அண்ணி தாளை மேஜையில் விரித்தார். பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "நாலாம் நம்பர் கடை. பதினொண்ணு. பன்னெண்டு. இந்த மூணை விட்டா வேற கடையே இல்ல. நானூறு சரக்குல உங்க பொறாமை இந்த மூணு பேரை மட்டும் எப்படித் தேடிப் பிடிச்சுது? கடை பேரே உங்களுக்குத் தெரியாதுங்கறப்போ?"

தங்கை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"அப்ப... துண்டு சரியாத்தான் சொல்லுதா?"

"துண்டுக்கு யாரையும் தெரியாது. அதுக்கு மருந்துதான் தெரியும். அந்த மூணு கடைச் சரக்குல மருந்து இருக்கு."

"ஆனா மெஷின் பதினேழு தடவையும் சுத்தம்னு சொல்லுச்சே! மெஷின் பொய் சொல்லாதுங்க."

"சொல்லாதுதான். அது வாயில எதை வெச்சாங்களோ அதைத்தான் சொல்லும்." அண்ணி கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "தம்பி, மெஷின் ரூமுக்குப் போய் அந்தக் குப்பிகளைப் பாரு. சோதிச்சதை ஒரு மாசத்துக்குத் தூக்கிப் போடக்கூடாதுன்னு இங்க சட்டம். கண்ணுல எது பட்டாலும் உடனே வந்து சொல்லு. உடனே."

அவன் போனான்.

மெஷின் அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி 'ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"குப்பிங்களா? தாராளமா பாருங்க. இடது பக்கம், குளிர்பெட்டியில." திரும்பாமலே சொன்னார். "எனக்கு மூணு மணிக்குள்ள பீன்ஸ் ரிப்போர்ட்டை கேட்டுக்கு அனுப்பணும். ஆஸ்பத்திரி சமையலுக்குப் போற லோடாம். டிரைவர் பறக்கறான்."

கம்பவுண்டர் குளிர்பெட்டியைத் திறந்தான். குப்பிகள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றிலும் எண், தேதி, காய் பேர், மூன்று கலரில், முத்து முத்தான கையெழுத்து. இந்தக் கையெழுத்துக்காகவே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். ஒரு குப்பியை எடுத்தான். பக்கத்துக் குப்பியை எடுத்தான்.

கை நின்றது.

பன்னிரண்டு வருஷம் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி குத்தி மருந்து உறிஞ்சியவன் அவன். குத்தின மூடியை இருட்டில்கூட விரலால் தடவிச் சொல்லுவான். இந்த மெஷினும் அப்படித்தான், உள்ளே ஒரு ஊசி இருக்கிறது, மூடியைக் குத்தித்தான் சாற்றை உறிஞ்சும். நீலம் காட்டிய சரக்கிலும் சில குப்பிகளைச் சரிபார்க்க மெஷினில் வைத்திருந்தார்கள். அந்த மூடிகளில் எல்லாம் ஒரு ஓட்டை இருந்தது. வெள்ளை காட்டிய குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். இந்த மாதத்துது ஒன்பது. திராட்சை, முட்டைக்கோஸ், மிளகாய். மூடியெல்லாம் வழவழவென்று இருந்தது. ஒன்றிலும் ஊசி படவே இல்லை.

கடைசி வரிசையில் ஒரு குப்பி தனியாக நின்றது. 'ஒப்பிட்டுப் பார்க்க: மருந்தடிக்காத முட்டைக்கோஸ்' என்று எழுதியிருந்தது. அதன் மூடி சல்லடையாகக் கிடந்தது.

அடப்பாவி! மெஷின் வரைகிற கோட்டை மாற்ற முடியாது. அதனால் மனுஷன் குப்பியையே மாற்றியிருக்கிறார். கம்ப்யூட்டரில் திராட்சை நம்பரைத் தட்டிவிட்டு நல்ல முட்டைக்கோஸை வைத்திருக்கிறார். மிளகாய்க்கும் அதே முட்டைக்கோஸ். எல்லாவற்றையும் செய்துவிட்டு, குப்பியைத் தூக்கிப் போட மட்டும் கை வரவில்லை. சட்டம் ஒரு மாசம் வைக்கச் சொல்கிறதே! ஒழுங்கான ஆளுக்குத் திருட்டுத்தனம்கூட ஒழுங்காகத்தான் வருகிறது.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

நியாயமாக அவன் ஓடியிருக்க வேண்டும். கதவு வரைக்கும் வந்தும் விட்டான். அங்கேதான் அந்த நினைப்பு வந்தது. இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? அண்ணி "அப்படியா" என்பார். நாலு மணிக்கு எழுந்து நின்று அவரே சொல்லுவார். மூன்று பெரிய மனிதர்களும் அவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இவனுக்கு மறுபடியும் முழங்கை. இது யார் கண்டுபிடித்தது? இந்த மூடியைத் தடவிப் பார்க்கிற விரல் அண்ணிக்கு இருக்கிறதா? ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், இவன் வாயால் வரட்டுமே. ஒரு மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போகும்?

"என்ன தம்பி?" என்றார் அண்ணி, வராந்தாவில்.

"குப்பியெல்லாம் வரிசையா இருக்கு அண்ணி. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. எனக்கு நாலெழுத்து எழுதினா கோழி கிளறின மாதிரி வரும்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேறென்ன இருக்கு?"

அண்ணி அவனை ஒரு கணம் பார்த்தார். நம்பினார். அதுதான் அவனுக்கு என்னமோ போல இருந்தது. "சரி, அப்ப அந்த கிராஃப் தாளெல்லாம் வாங்கி உட்கார்ந்து பார்க்கறேன். எங்கேயோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் இருந்தார்கள். குழுவின் மூன்று பேரும் ஜன்னலோரம். எதிரே டாக்டரம்மா, கையில் வைத்திருந்த கைக்குட்டையைக் கசக்கியபடி. பக்கத்தில் ஒரு நாற்காலி தள்ளி தங்கை. கதவருகே வீட்டுக்காரர்.

"பதினெட்டு வெள்ளை, பதினெட்டும் மெஷின்படி சுத்தம்" என்று குழுவின் தலைவர் தாளைப் புரட்டினார். "இதுக்கு மேல என்னம்மா இருக்கு பேச?"

டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் கம்பவுண்டர் எழுந்துவிட்டான்.

"நான் பேசறேன் சார்." கையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்த இரண்டு குப்பி. "நான் பழைய கம்பவுண்டர். எனக்கு மெஷின் தெரியாது, ஊசி தெரியும். இது வெள்ளை காட்டின திராட்சை. சோதிச்சாச்சுன்னு ரிப்போர்ட் இருக்கு. மூடியைத் தடவிப் பாருங்க. ஊசியே படல. வாயைத் திறக்காத பேஷன்டுக்கு மருந்து கொடுத்த கதையா இருக்கு. இது நல்ல முட்டைக்கோஸ். பாவம், அத்தனை பேருக்கான குத்தையும் இது ஒண்ணே வாங்கியிருக்கு."

குப்பிகள் கை மாறின. தலைவர் மூடியைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கம்பவுண்டருக்கு ஜிவ்வென்று இருந்தது. எல்லார் கண்ணும் அவன் மேல். அண்ணியின் கண்ணும்தான். அவர் மடியில் கிராஃப் தாள்கள் விரிந்து கிடந்தன. எல்லாத் தாளிலும் கோடு ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கியிருந்தது.

டாக்டரம்மா புருஷனைப் பார்த்தார்.

"போன மாசம் திராட்சை லோடை விட்டப்போ அந்த வியாபாரி ஒரு பெட்டி கொடுத்தாரு. நீங்க சுத்தம்னு கையெழுத்துப் போட்டதாச்சேன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். நம்ம பாப்பா வாயில வைக்கப் போனா. நீங்க ஓடி வந்து தட்டி விட்டீங்க. சளி பிடிக்கும்னு சொன்னீங்க. பெட்டியோட கொண்டுபோய்க் குப்பையில கொட்டினீங்க." அவர் குரல் உடைந்தது. "நானே என் துண்டைச் சந்தேகப்பட்டேன். என் கூடப்பிறந்தவளைச் சந்தேகப்பட்டேன். நீங்க ஒருத்தர்தான் அதை முழுசா நம்பியிருக்கீங்க."

தங்கை எழுந்து வந்து அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் மறுக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"முன்னாடியெல்லாம் என் ரிப்போர்ட்டுக்காக மார்க்கெட்டே காத்துக் கிடக்கும். சார் என்ன சொல்றாரு, சார் என்ன சொல்றாருன்னு கேப்பாங்க. இவ வந்து ஒரு பேப்பரை ஒட்டினா, பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல. முதல் தடவை குப்பியை மாத்தினப்போ, ஒரே ஒரு தடவை இவ தப்பாகட்டும்னுதான் நினைச்சேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியல."

"பீன்ஸ்!" என்றார் அண்ணி சட்டென்று. போனை எடுத்து கேட்டுக்கு அடித்தார். "அந்த பீன்ஸ் லாரியை விடாதீங்க... என்னது? எப்போ?"

போனை வைத்தார். "மூணு பத்துக்கே போயாச்சாம். ஆஸ்பத்திரி சமையலறைக்கு. ஆறு மணிக்கு வார்டுல சாப்பாடு."

கம்பவுண்டருக்கு அந்தச் சமையலறை தெரியும்; போன் அடித்தால் அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். ஆறு மணிக்குத் தள்ளுவண்டி எந்த வார்டில் முதலில் நுழையும் என்பதும் தெரியும். குழந்தைகள் வார்டு.

"மூணு மணிக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்" என்றார் தலைவர்.

வீட்டுக்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். கம்பவுண்டரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ சொந்தக்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இவருக்கு ரெண்டே முக்காலுக்கே தெரியும். மூடியைத் தடவிட்டு நின்னதை கம்ப்யூட்டர் கண்ணாடியில பார்த்தேன். எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். இப்ப யாராவது வருவாங்க, இப்ப வருவாங்கன்னு மூணு மணி வரைக்கும் ரிப்போர்ட்டை அனுப்பாம உட்கார்ந்திருந்தேன். யாரும் வரல. அனுப்பிட்டேன்."

அண்ணி மெதுவாகத் திரும்பினார்.

"பார்த்தியா தம்பி?"

ஒரு ஜோக் போதும், சமாளித்துவிடலாம். நாக்கு நுனியில் இரண்டு மூன்று வந்து நின்றன. கம்பவுண்டர் அவற்றை விழுங்கினான்.

"பார்த்தேன் அண்ணி. நீங்க சொல்லிடுவீங்களேன்னுதான் சொல்லல. பொறாமை."

அண்ணியின் முகம் அப்படி ஆகி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் மேஜை மேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை அவன் பக்கம் தள்ளினார்.

"மணி நாலே கால். வண்டியை எடு. வார்டுக்குள்ள அந்தத் தள்ளுவண்டி போறதுக்கு முன்னாடி நீ அங்க இருக்கணும்."

அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினான்.